பேழை என்று யாரும் தேடுவதில்லை

ஜூன் 30, திங்கள்

டிடிபி கடை தாஜ் கொடுத்த டைரி இது. போன வருஷத்தது. கடையில் விற்காமல் கிடந்ததாம். அச்சடித்த தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதி போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

"கத்துக்கிறத அன்னன்னிக்கு எழுதுங்கக்கா. இல்லன்னா மறுநாள் வந்து அதையே கேப்பீங்க. எனக்கு வாய் வலிக்கும்."

நான் ஆறாவது வரைக்கும்தான். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், படிக்கப் போவது நான்தானே.

இன்றைக்குச் செய்த வேலை: பெட்டியைத் துடைத்தேன். துக்கம் நடந்த கேத வீடுகளுக்கு வாடகைக்குப் போகிற ஐஸ் பெட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டது. பழைய வேட்டித் துணியால் துடைத்தால்தான் கண்ணாடியில் கோடு விழாது. பிளக்கில் போட்டு மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. அணைத்தேன். போன் அடிக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

தங்கமாரி வந்தாள். என் வீட்டுக்காரருடைய தங்கை, தெற்குத் தெருவில் இருக்கிறாள். கொண்டுவந்த முருங்கைக்கீரையை உட்கார்ந்து ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"மதினி, மதுரையில ஒரு பார்ட்டி நம்ம பெட்டிய கேக்காக. ஆடியில வாங்க மாட்டாகளாம். ஆவணி மொத தேதி வந்து பாக்கச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"அண்ணன் இருந்தா அவனைக் கேட்டிருப்பேன். பெட்டிக்கு ஆளு வருதா, சொல்லுங்க. அவன் டீக்கடை டீக்கடையா போயி நிப்பான், ஊரே அவனைக் கூப்பிடும். நீங்க போயி நிப்பீகளா?"

நான் கீரைக் காம்பைப் பொறுக்கினேன். பெட்டி போனால், வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டு நான் சாத்தூரில் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். அது எல்லோரும் கூடிப் பேசி முடித்தது. தம்பி நல்லவன். அவன் பெண்டாட்டியும் நல்லவள்தான். ஆனால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? யார் காலிலும் இடறாமல் எந்த மூலையில் நிற்கலாம் என்று காலையில் எழுந்து பார்ப்பதுதான் வேலை.

ஆவணிக்குள் போன் அடித்தால் பெட்டி நிற்கும். பெட்டி நின்றால் நானும் இங்கேயே நிற்பேன்.

ஜூலை 2, புதன்

தாஜுன்னிசாவுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிடிபி கடை. பத்திரிகை, போஸ்டர், ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. அவர் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வைத்திருந்தார் என்று சொன்னதும் தேடி எடுத்துவிட்டாள். இலவசமாகக் கிடைக்கிற ஒன்றில் கட்டங்களை நிரப்பி, அவரே போனில் செய்தது. "நாமளும் இன்டர்நெட்டுல இருக்கோம்" என்று ஊர் முழுக்கச் சொன்னார்.

மேலே 'முகப்பு' என்று இருந்தது. அதன் கீழே: 'வருக வருக! தங்கள் இல்ல விசேஷங்களுக்கு, வாடாமல் காக்கும் கண்ணாடிப் பேழை.' அப்புறம் அவர் வேன் பக்கத்தில் நிற்கிற படம். அடியில்: 'நன்றி. மீண்டும் வருக.'

தாஜ் சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கேத வீட்டுல போயிட்டு வர்றேன்னே சொல்ல மாட்டாங்க. இவரு மீண்டும் வருகன்னு போட்டிருக்காரே!"

உயிர் போனதைச் சொல்கிற அந்தச் சொல்லை அவர் எழுதவே மாட்டார். வாயாலும் சொல்ல மாட்டார். போனில்கூட "பெட்டி போகுது" என்பதோடு சரி. சோறு போடுகிற தொழிலில் அந்த வார்த்தை கூடாது என்பார். பேழை என்பது ஏதோ ஒரு மேடைப் பேச்சில் கேட்டுவந்தது. அந்த வார்த்தை கிடைத்த அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தார்.

"இத்தனை வருஷத்துல இந்தப் பக்கத்த யாராச்சும் பாத்தாங்களாக்கா?"

"அவர் தினமும் பார்ப்பார்" என்றேன்.

தேடுகிறவர்கள் கண்ணில் நம் பக்கம் படுகிற மாதிரி எழுதுவதற்கு எஸ்இஓ என்று பேராம். அதற்குக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"நான் என்ன படிச்சேன்? வீடியோ பாத்து என் கடைக்குச் செஞ்சேன். வெப் டெவலப்பர் வீடு கட்டுறவன்க்கா. நமக்குக் கட்டுன வீடு இருக்கு. வாசல்ல பேரு எழுதணும், அம்புட்டுதான்."

ஜூலை 4, வெள்ளி

பாடம். தாஜ் மாதிரிக்குக் காட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கட்டை எடுத்தாள். ஒன்றை மட்டும் சட்டென்று அடியில் செருகினாள். ஊதாப்பூ பார்டர். நான் பார்த்துவிட்டேன். அந்த பார்டரைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

"அதையே எடு" என்றேன்.

"வேண்டாம்க்கா."

"எனக்கு அதுதான் மனப்பாடமாத் தெரியும். எடு."

விரித்தாள். பஸ்ஸில் போகிறவனுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்டாள். பேரும் படமும் என்றேன். அதுதான் டைட்டிலாம். தேடினால் பெரிய எழுத்தில் முதலில் வருவது. நின்று பார்க்கிறவனுக்கு? எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். அதுதான் டிஸ்கிரிப்ஷனாம், டைட்டிலுக்குக் கீழே வருகிற ரெண்டு வரி. பக்கத்துக்கு உள்ளே பெரிய தலைப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குக் கீழே சின்னத் தலைப்பு, போஸ்டரில் பெரிய பேருக்குக் கீழே மகன், மருமகள் பேர் வருகிற மாதிரி.

"முக்கியமானது ஒண்ணு. தேடுறவங்க வாயில வர்ற வார்த்தை பக்கத்துல இருக்கணும். நம்ம வாயில வர்றது இல்ல."

'முகப்பு' என்பதை எடுத்துவிட்டு 'கண்ணாடிப் பேழை வாடகை, அருப்புக்கோட்டை' என்று நானே தட்டினேன்.

"பேழைய யாருக்கா தேடுவா?"

"அது இருக்கட்டும்."

ஜூலை 9, புதன்

மாவு ஆட்டினேன். பெட்டியைத் துடைத்தேன். போன் அடித்தது, சிலிண்டர் புக் பண்ணச் சொல்லி.

ஜூலை 15, செவ்வாய்

போன் அடித்தது! மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு எடுத்தேன்.

"பேழை வாடகைக்கு விடுறீங்களாமே? உடனே ஒண்ணு வேணும்."

அவர் எனக்குச் சொல்லிவைத்த சட்டம் ஒன்று உண்டு. எடத்தை மட்டும் கேளு, யாரு, என்னன்னு கேக்காதே, சொல்லுறவங்க வாய் நடுங்கும். அதன்படி இடத்தை மட்டும் கேட்டேன். பொன்மகள் மஹால் என்றார். மண்டபத்துக்காரர் வீட்டில் யாருக்கோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தோணி அண்ணன்தான் எப்போதும் பெட்டிக்கு வண்டி ஓட்டுகிறவர். அவருடைய குட்டியானை வேனில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். மஹால் தூரத்தில் தெரியும்போதே அவர் வேகத்தைக் குறைத்தார்.

"ஏம்மா, வாழைமரம் கட்டியிருக்கு."

"நேத்து நடந்த விசேஷமா இருக்கும்."

"சீரியல் பல்பு எரியுதேம்மா. நாதஸ்வரம் வேற கேக்குது."

வண்டி வாசலில் நிற்கவும் ஒரு ஆள் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார். "வந்துட்டீங்களா! மாலையெல்லாம் வாடிட்டு வருதுங்க. பொண்ணு மாலை ஆர்டர் குடுத்துச் செஞ்சது. மேடைக்குப் பக்கத்துலயே எறக்கிருங்க."

"மாலைக்கா?"

"வாடாமல் காக்கும் பேழைன்னு போட்டிருந்துச்சே? இல்ல விசேஷங்களுக்குன்னு."

அந்தோணி அண்ணன் மெல்ல இறங்கி, தார்ப்பாய்க் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். என் வாயில் எப்படி வந்ததோ தெரியவில்லை. "மன்னிச்சிருங்கண்ணே. வழியில மோட்டார் நின்னுபோச்சு. நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தோம்."

வண்டியைத் திருப்பக்கூட நிற்காமல், மெயின் ரோடு வரைக்கும் ரிவர்ஸிலேயே ஓட்டினார் அண்ணன். ரோட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஸ்டீரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். "சோலையப்பா, நீ போயும் எங்களைச் சந்தி சிரிக்க வைக்கியேடா" என்றார்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் உறைத்தது. உள்ளே இறக்கியிருந்தால்? அந்தப் பெண்ணின் மாலையை உள்ளே வைத்திருந்தால்?

ஜூலை 16, புதன்

தங்கமாரி வாசலிலேயே நின்று கேட்டாள். "நேத்து கல்யாணத்துக்குப் பெட்டியோட போனீகளாமே மதினி? மொய் வச்சீகளா?"

நான் முறத்தை எடுத்து அரிசி புடைத்தேன்.

"இது போதும். ஆவணிக்கு ஒரு மாசம்தான. அதுவரைக்கும் பெட்டிய வெளிய எடுக்காம இருந்தாச் சரி."

ஜூலை 18, வெள்ளி

தாஜ் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க வீட்டுக்காரரு தவறுன அன்னிக்கு நீங்க போன்ல என்னன்னு தேடுனீங்க?"

யாரும் இதுவரை கேட்காதது.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவருகிறோம். வெளியூர்ச் சொந்தமெல்லாம் மறுநாள்தான் வந்து சேரும். எங்கள் பெட்டி காந்தி நகரில் ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பையன் துபாயிலிருந்து வர வேண்டும். போய் எடுத்துவரட்டுமா என்று அந்தோணி அண்ணன் போனில் கேட்டார். பாதியில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆம்புலன்ஸில் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டு, அவர் போனிலேயே தேடினேன். பேழை என்று தேடவில்லை. 'இறந்தவர் உடல் வைக்க ஐஸ் பெட்டி உடனே' என்று தேடினேன். யார் யாரோ வந்தார்கள். கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எங்கள் பெட்டி கையில் இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன். அவர் எங்கேயும் வரவில்லை. அவர் பெண்டாட்டி தேடியே அவர் வரவில்லை.

தாஜ் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆளை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஜூலை 19, சனி

டைட்டில்: 'இறந்தவர் உடல் வைக்க ஐஸ் பெட்டி வாடகை, அருப்புக்கோட்டை சுற்று வட்டாரம்.'

முதல் எழுத்தைத் தட்டிவிட்டு ரொம்ப நேரம் இருந்தேன். அப்புறம் மீதியும் வந்துவிட்டது. தட்டி முடித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கூரை இடிந்து விழவில்லை.

'வருக வருக'வை எடுத்தேன். 'மீண்டும் வருக'வையும் எடுத்தேன். சின்னத் தலைப்புகளுக்கு, கேத வீட்டில் எங்களிடம் கேட்கிற கேள்விகளையே வைத்தேன். கரண்ட் போனால் என்ன செய்வது? குறுகலான வாசலில் பெட்டி நுழையுமா? மாடிக்கு ஏற்றலாமா? மாலையை மூடிக்கு மேலே போடலாமா, உள்ளேயா? இதற்கெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விறுவிறு என்று எழுதினேன்.

ஆனால் வரிக்கு வரி ஐஸ் பெட்டி, ஐஸ் பெட்டி என்று போட்டிருந்தேன். தாஜ் பாதியை அடித்துவிட்டாள்.

"மனசுல இருந்து வர்றது ஒரு அழுகைதான்க்கா. அதையே திரும்பத் திரும்ப ராகம் போட்டா, கூலிக்கு ஒப்பாரி வைக்க வந்த ஆளுன்னு தெரிஞ்சிரும். கூகிளுக்கும் தெரியும்."

பேழையையும் நான் அழிக்கப் போனேன். கையைப் பிடித்தாள். "அடியில ஒரு எடத்துல இருந்துட்டுப் போகட்டும். அது யாரையும் ஒண்ணும் செய்யாது."

ஜூலை 21, திங்கள்

படம் பாக்கி. படத்துக்கும் எழுத வேண்டுமாம். அதற்கு ஆல்ட் டெக்ஸ்ட் என்று பேர். கண் தெரியாதவர்களுக்கு ஒரு குரல் அதைப் படித்துக்காட்டும். சிக்னல் இல்லாத ஊரில் படம் திறக்காமல் அந்த எழுத்து மட்டும் தெரியும். அதைப் பார்த்து கூகிளுக்கும் அது என்ன படம் என்று விளங்கும். இப்போது அந்தப் படத்துக்கு ஏதோ ஒரு நம்பர்தான் பேராக இருக்கிறது.

"படத்துல இருக்கிறத இருக்கிறபடி எழுதுங்கக்கா. சுருக்கமா."

"படத்துல இருக்கிறவர் இப்ப இல்லையே. அதை எழுதலாமா?"

தாஜ் யோசித்தாள். "பாக்க முடியாதவங்களுக்கு என்ன தெரியணுமோ அதை எழுதுங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எடுத்தது நான். இன்னும் கொஞ்சம் தள்ளு, வேன் முழுசாத் தெரியணும் என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

எழுதினேன். தாஜ் சொன்னதைவிட நீளம்தான். படித்துவிட்டு, ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை அவள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அவருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல் வைத்தேன். காக்கா வறுவலை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அவரேதான்.

பக்கம் தேடலில் வருகிறதா என்று கேட்டேன். "உறை ஊத்தியாச்சு. பாலை ஆட்டி ஆட்டிப் பாத்தா தயிரு ஆகுமா?" என்றாள் தாஜ்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தங்கமாரி சித்ரான்னம் கொண்டுவந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு மாற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டாள். மூட வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. புளிச்சோறு நன்றாக இருந்தது என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் வாசல் கூட்டும்போது போன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், சின்ன வயசு.

"ஐஸ் பெட்டிங்களா? எங்க ஊர்ல டவர் சரியா எடுக்காதுக்கா. படம் வரல, எழுத்துதான் வந்துச்சு. போனை எடுக்கிறது அவரு மனைவின்னு போட்டிருந்துச்சு. நீங்கதானா?"

"நான்தாம்மா."

"எங்க மாமியா இறந்துபோச்சுக்கா. வீட்டுக்காரரு கேரளாவுல வேலையில இருக்காரு. நான் மட்டுந்தான் இருக்கேன். தெரியாத ஆம்பளைக்குப் போன் போட்டுப் பேச வாய் வரல."

இடத்தைக் கேட்டேன். பந்தல்குடி தாண்டி உள்ளே. அதோடு வைத்திருக்க வேண்டும், அவர் சட்டப்படி. நான் கேட்டேன். "எப்படிம்மா நடந்துச்சு?"

அவள் சொன்னாள். ராத்திரி கஞ்சி கேட்டது, காலையில் எழுப்பினால் எழுந்திருக்காதது, எல்லாம். வாய் நடுங்கத்தான் செய்தது. ஆனால் சொல்லச் சொல்ல நடுக்கம் குறைந்தது. பாதத்தைக் கட்டச் சொன்னேன், தாடையைக் கட்டச் சொன்னேன், ஃபேனைப் போட்டுவிட்டு வாசலில் உட்காரச் சொன்னேன். வந்துவிடுகிறேன் என்றேன்.

எந்த விசேஷத்துக்கும் முன்னால் நிற்கக் கூடாதவள் நான். கல்யாண வீட்டு வாசலிலிருந்து ரிவர்ஸிலேயே ஓடிவந்தவள். அந்த வீட்டுக்கு நான்தான் முதல் ஆள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்தாள். கேரளாவிலிருந்து ஆள் வரும் வரைக்கும் அந்தக் கையை நான் எடுக்கவில்லை. அந்தோணி அண்ணன்தான் பிளக், வயர் எல்லாம் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. கேத வீட்டில் சொல்லக் கூடாது. அவளும் தலையை மட்டும் அசைத்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு போன். பெட்டி போய் வந்தது. பழைய வேட்டித் துணி கிழிந்துவிட்டது. அவர் துணிப்பெட்டியிலிருந்து இன்னொரு வேட்டியை எடுத்துக் கிழித்தேன். அழவில்லை. துணி மெத்தென்று இருந்தது, நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. மதுரைப் பார்ட்டி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். தங்கமாரி முன்னால் வந்து ஷெட்டைத் திறந்தாள்.

"பெட்டி எங்க மதினி?"

"வேலைக்குப் போயிருக்கு."

"இன்னிக்கு ஆளு வருதுன்னு தெரியுமுல்ல?"

"எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குத் தெரியாதே."

மதுரைக்காரர் மணி பார்த்தார். "எப்பம்மா திரும்பும்? போயி எடுத்துட்டு வந்தா நான் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருவேன்."

"இறந்தவரோட மக பெங்களூர்ல இருந்து வரணுங்க. பாதியில எடுக்க மாட்டோம்."

அவர் காப்பியைக் குடித்து முடிக்கும் முன்னால் இன்னொரு போன் வந்தது. நாளைக்குத்தான் பெட்டி இருக்கிறது என்று சொல்லி, தெரிந்த ஒருவருடைய நம்பரைக் கொடுத்தேன். மதுரைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். தங்கமாரியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, ஓடுற பெட்டிய விக்கிறாங்கன்னு என்னை இவ்வளவு தூரம் வரவச்சியே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அவர் போனதும் தங்கமாரி கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை.

"உங்களத் தனியா விட்டுட்டு நான் எப்படி மதினி தூங்குறது? அதுக்குத்தான் செஞ்சேன்."

"தெரியும்டி."

"அப்படி என்னதான் எழுதுனீக? காட்டுங்க பாப்போம்."

தேடுகிற இடத்தில் அவளையே தட்டச் சொன்னேன். இறந்தவர் உடல் வைக்க, என்று அவள் தட்டும்போதே மூன்றாவதாக வந்துவிட்டது. திறந்தாள். எங்கள் வீட்டிலும் மத்தியானம் சிக்னல் மந்தம்தான். படம் இருக்க வேண்டிய இடம் வெறும் கட்டமாக இருந்தது. அதற்குள் எழுத்து. அவள் எழுத்துக் கூட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டு வாசித்தாள்.

"வேன் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நிற்பவர் சோலையப்பன். இந்தப் பெட்டியை வாங்கியவர். பங்குனியில் இறந்துவிட்டார். போனை எடுப்பது அவர் மனைவி பஞ்சவர்ணம். எந்த நேரமும் கூப்பிடலாம். படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரிவது என் விரல்."

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "அண்ணன் பேரை நீங்க சொல்லவே மாட்டீகளே மதினி."

"எழுதத்தான் செஞ்சேன்" என்றேன்.

அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை கழுத்துக் கயிற்றை மூடவில்லை. "இருங்க, இருங்க, படம் வருது" என்று போனை என் பக்கம் திருப்பினாள். மேலே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் வானம். அப்புறம் வேன். அப்புறம் அவர், இன்னும் கொஞ்சம் தள்ளு என்று கத்துகிற வாயோடு. கடைசியாக ஓரத்தில் என் விரல்.